பட்டன் சாப்பிட்டானா?

டெரிக் கப்பற்படையில் சேர்ந்து கிளம்பியபோது அப்பா வெர்னன் தலையில் கட்டிவிட்டுப் போனது ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் பட்டன் என்கிற பாம்பு, ஃப்ரீசரில் இருபது எலி. பட்டன் மலைப்பாம்பிலேயே சின்ன ஜாதி, நாலடிதான்.

"வாரம் ஒரு எலி. வெந்நீர்ல போட்டுச் சூடாக்கி, இடுக்கியால ஆட்டிக் காட்டுங்க. அவ்வளவுதாம்ப்பா" என்றான்.

முதல் வாரம் பட்டன் எலியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் டெரிக் கேட்ட முதல் கேள்வியே, "பட்டன் சாப்பிட்டானா?"

நடுக்கடலில் இருக்கிற பிள்ளையை எதற்குக் கவலைப்பட வைப்பது என்று, "ஒரே வாய்ல முழுங்கிட்டான்" என்றார் வெர்னன். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரம் நாக்குகூடக் கூசவில்லை.

இப்படியே பதினோரு வாரம். பதினோரு எலியும் குப்பைக்குப் போயின. டொலீடோ நகரத்தில் முப்பது வருஷமாக ஊரார் வீட்டுக் குழாய் அடைப்பையெல்லாம் எடுத்த மனுஷனால் ஒரு பாம்பை வாய் திறக்க வைக்க முடியவில்லை. வேலை முடிந்து வந்ததும் தினமும் அதைத் தூக்கி, அவர் மனைவி மார்லிஸ் கேக்குக்கு மாவு நிறுக்கிற தராசில் வைத்துப் பார்ப்பார். எடை குறைந்துகொண்டே வந்தது. மடியில் போட்டுத் தடவிக்கொடுத்து, "ஒரு வாய் சாப்பிடுடா ராசா" என்று கெஞ்சுவார்.

"தராசைக் கழுவி வைச்சியா?" என்பாள் மார்லிஸ்.

"வைச்சேன்."

"அவன்கிட்ட உண்மையச் சொல்லித் தொலை. நாளைக்கு இது செத்துப்போனா என்ன சொல்லுவ? லீவுல போயிருக்குன்னா?"

பன்னிரண்டாவது ஞாயிறு டெரிக், "அவனை வீடியோவுல காட்டுங்கப்பா" என்றான். வெர்னன் தூக்கிக் காட்டினார். டெரிக் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தான்.

"முதுகெலும்பு தெரியுதுப்பா."

"இங்க வெளிச்சம் சரியில்லடா."

"எத்தனை வாரமா சாப்பிடல?"

சொன்னார். பையன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவருக்கு.

"தினமும் இப்படித் தூக்குறீங்களா?"

"எடை பாக்கத்தான்..."

"தூக்கும்போதெல்லாம் தன்னைத் தின்ன யாரோ வந்துட்டாங்கன்னு பயப்படுவான். பயந்தவன் எங்க சாப்பிடுறது? தொட்டிமேல துணியப் போட்டு மூடுங்க. தண்ணி மட்டும் மாத்துங்க. பத்து நாள் தொடவே கூடாது."

பத்து நாளும் வெர்னனுக்குக் கை பரபரத்தது. துணியைத் தூக்கிப் பார்க்கப் போனவரை மார்லிஸ் இரண்டு முறை அதட்டி உட்கார வைத்தாள். பதினோராவது நாள் சாயங்காலம் எலியை நன்றாகச் சூடாக்கி, துணியின் ஓரத்தை விலக்கி, இடுக்கியை உள்ளே நீட்டினார். கண் இமைப்பதற்குள் இடுக்கி வெடுக்கென்று இழுபட்டது. பட்டன் எலியைக் கவ்விச் சுருட்டிக்கொண்டிருந்தது. வால் நுனிவரை உள்ளே போகும்வரை வெர்னன் மூச்சுவிடப் பயந்து நின்றார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்ததும் அவரே பாய்ந்து எடுத்தார்.

"டேய், சாப்பிட்டுட்டான்டா! முழு எலி, ஒரே வாய்!"

டெரிக் மெதுவாக, "சரிப்பா. போனைக் கொஞ்சம் அம்மாகிட்ட குடுங்க" என்றான்.