ஓடையை மறித்த சுவர்

அமராவதி ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகும் லோகப்பிரியாவின் வீட்டுக்குள் சேறு காயவில்லை. தாராபுரத்தில் ஆற்றங்கரைத் தெருவொன்றில் அவள் தையல் கடை வைத்திருந்தாள். மெஷின்கள் துருப்பிடித்துவிட்டன. ஊர்க்காரர்கள் தைக்கக் கொடுத்திருந்த கல்யாணத் துணிகள் சேற்றில் ஊறி நாறின.

தெருவை ஒட்டி ரங்கராஜின் ரைஸ் மில். மழைத்தண்ணீர் ஆற்றுக்குப் போகும் ஓடையை மறித்து அவர் காம்பவுண்டுச் சுவர் எழுப்பியிருந்தார். வழியில்லாமல் போன தண்ணீர்தான் தெருவுக்குள் புகுந்தது.

நிவாரணக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. தெருவையே காலி செய்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடு தரப்போவதாக அதிகாரி சொன்னார். முன்வரிசையில் ரங்கராஜ் தலையாட்டிக்கொண்டிருந்தார். சுவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. லோகப்பிரியா எழுந்தாள்.

“ஏனுங்க, நாங்க எதுக்குங்க போகோணும்? அவரு செவுத்தை எடுக்கச் சொல்லுங்க.”

ரங்கராஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஆத்தோரம் ஊட்டைக் கட்டிப்போட்டு, என்ற செவுத்தைக் குறை சொல்றீங்களா அம்மணி?”

மறுநாளே, மில்லில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த அவளுடைய மாமியார் பாவாத்தாளை வேலையை விட்டு நிறுத்தினார். தெருவில் பாதிப்பேர் மில்லை நம்பிப் பிழைத்தவர்கள். அடுத்தது யாரோ என்ற பயத்தில் லோகப்பிரியாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாவாத்தாளும் வீட்டில் அவளோடு பேச்சை நிறுத்தினாள்.

கார்த்திகையில் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. தெருமுனையில் தண்ணீர் ஏறுவதைக் கண்டதும் லோகப்பிரியா கடப்பாரையோடு தனியாகச் சுவருக்குப் போனாள். மில் காவலாளி அவளைப் பிடித்துத் தள்ளினான். சேற்றில் விழுந்தவள் எழுந்து மறுபடியும் சுவரைக் குத்தினாள். அவன் திரும்பவும் நெருங்கியபோது மண்வெட்டியோடு பாவாத்தாள் குறுக்கே வந்து நின்றாள்.

“அவளைத் தொட்டீன்னா கையை ஒடச்சுப்போடுவேன்.”

மருமகளிடம் ஒரு வார்த்தை பேசாமல் சுவரைக் கொத்த ஆரம்பித்தாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். சுவர் சரிந்தது. தண்ணீர் ரங்கராஜின் குடோனில் இருந்த நெல்லை நனைத்துவிட்டு ஆற்றுக்குப் போனது. தெரு தப்பியது.

ரங்கராஜ் போலீசில் புகார் கொடுத்தார். லோகப்பிரியாவும் பாவாத்தாளும் இப்போது வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போய்வருகிறார்கள். ஓடையை அளந்துபோன அதிகாரிகள் அதைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டார்கள். ஆனால் தெருவைக் காலி செய்யும் பேச்சை விடவில்லை. மில்லில் இந்தத் தெருக்காரர்கள் யாருக்கும் வேலை கிடையாது. அதற்காக லோகப்பிரியாவைத் திட்டுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மாமியாரும் மருமகளும் பேசத் தொடங்கிவிட்டார்கள். பெரும்பாலும் சண்டைதான்.