பங்காளியா சம்பந்தியா

அந்தப் பல்லை நான்தான் கெடுத்தேன் என்று மூன்று நாள் நம்பிக்கொண்டிருந்தேன். மூன்று நாளும் சாப்பாடு இறங்கவில்லை.

என் வேலை இதுதான். நம் முன்னோர்கள் வாழ்ந்த காலத்திலேயே வாழ்ந்து, பிறகு பூண்டோடு அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்களின் எலும்பும் பல்லும் எங்கள் ஆய்வகத்துக்கு வரும். தலைமுதல் கால்வரை உடுப்பு மாட்டிக்கொண்டு மூடிய அறைக்குள் போய், சின்ன டிரில்லால் துளைத்துச் சிட்டிகைப் பொடி எடுத்துக் கொடுப்பேன். அந்தப் பொடியில்தான் டி.என்.ஏ. தேடுவார்கள். நம் எச்சில் ஒரு துளி பட்டாலும் போச்சு, அவர்களுடையதோடு நம்முடையதும் கலந்துவிடும்.

அந்தப் பல்லைத் துளைத்த அன்று எனக்குச் சளி. லீவு போட்டிருக்கலாம், வீம்பு விடவில்லை. மூச்சு முட்டியதால் மாஸ்க்கை ஒரே ஒரு நொடி கீழே இறக்கினேன். பாழாய்ப்போன தும்மல் அப்போதுதான் வர வேண்டுமா? முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தும்மினேன். யாரும் பார்க்கவில்லை. வெளியே வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. வருட ஒப்பந்தத்தில் இருப்பவள் நான். தெரிந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கடுகு. ஆள் சின்ன உருவம், சூடானால் வெடிப்பார். அந்தப் பல்லைக் குகையில் தோண்டி எடுத்தவரே அவர்தான். நியாண்டர்தால்கள் நமக்குப் பங்காளிகள், ஒரே பாட்டன் வழி வந்தவர்கள் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. பின்னால் நம்மோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்துச் சம்பந்திகளும் ஆனார்கள். எல்லோரும் சொல்லும் காலத்துக்கு வெகு முன்னாலேயே, அந்தக் குகைக் காலத்திலேயே சம்பந்தம் நடந்துவிட்டது என்பது கடுகின் வாதம். இருபது வருடமாகச் சொல்கிறார். கூட்டங்களில் சிரித்தார்கள்.

கம்ப்யூட்டரில் முடிவுகளைப் படிக்கும் தாடிக்காரர் வந்து சொன்னார்: "சார், பல்லுல நம்ம மாதிரி ஆளோட டி.என்.ஏ. இருக்கு. ரொம்பக் கொஞ்சம். அந்தக் காலத்துதா, நேத்து ஒட்டினதான்னு பிரிச்சுச் சொல்ல முடியல."

என் தும்மல்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"அறைக்குள்ள போற அஞ்சு பேரையும் சோதிங்க. யாரோடதுன்னு தெரிஞ்சா அவங்க அப்புறம் இங்க வேண்டாம்" என்றார் கடுகு.

கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர், எதற்கும் அசர மாட்டார்.

"அவங்க போய்ச் சேர்ந்து எத்தனை ஆயிரம் வருஷம் ஆச்சு. நீ இப்ப உக்காந்து துக்கம் கொண்டாடுற."

"கிண்டல் பண்ணாதீங்க. உலகத்துக்கே ஒத்தப் பல்லு அது."

"அப்ப போய் ஒத்துக்கோ. உங்க அண்ணன் தும்மினா தெருவே எந்திரிக்கும், பரம்பரைக் கோளாறுன்னு சொல்லு."

நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்றே நாள் போனது.

மூன்றாம் நாள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். தாடிக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "அஞ்சு பேர்ல யாரோடதும் இல்ல சார்" என்றார்.

அப்பாடா. பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தாடிக்காரர் விடவில்லை. "அப்ப இது பல்லுக்குள்ளயே இருந்ததுதான். நீங்க சொன்னதுதான் சார் சரி. சம்பந்தம் நடந்திருக்கு" என்று கடுகின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கடுகு கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"என்னோடதையும் எடுங்க."

"நீங்க அறைக்குள்ளயே போகலையே சார்?"

"குகையில எடுத்தப்ப நாக்குல வெச்சுப் பார்த்தேன்."

தோண்டுகிறவர்களிடம் ஒரு பழைய பழக்கம் உண்டு. கிடைத்தது கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால் நாக்கில் வைப்பார்கள். கல் ஒட்டாது, எலும்பு ஒட்டும். டி.என்.ஏ. படிக்கத் தொடங்கியபின் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவரும் இதே மனிதர்தான்.

"மண்ணு மூடியிருந்துது. வேர் நுனி மட்டும்தான் தெரிஞ்சுது. கை தானா வாய்க்குப் போயிடுச்சு" என்றார் சின்னக் குரலில். யாரும் சிரிக்கவில்லை. அவர் பேசாமல் இருந்திருந்தால் இருபது வருட வாதம் அன்றைக்கே ஜெயித்திருக்கும்.

ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவருடையதேதான்.

வேரில் கொஞ்சம் மீதி இருந்தது. மேற்புறத்தைச் சுரண்டிவிட்டு ஆழத்தில் துளைக்கச் சொன்னார்கள். துளைத்தேன். இந்த முறை சுத்தமாக வந்தது. நியாண்டர்தால் மட்டும்தான், நம்மவர்களின் கலப்பு துளியும் இல்லை. அவருடைய வாதத்துக்கு அந்தப் பல் சாட்சி சொல்லவில்லை. ஆனாலும் தாளைப் படித்துவிட்டு, "பல்லு பொழச்சுது, அது போதும்" என்று நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். அவ்வளவு லேசான முகத்தோடு அவரை நான் பார்த்ததே இல்லை.

அந்தத் தெம்பில் சொல்லிவிட்டேன். மாஸ்க்கை இறக்கியது, தும்மியது, சொல்லப் பயந்தது எல்லாவற்றையும்.

வெடிக்கப்போகிறார் என்று நின்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா யாரையும் சோதிச்சிருக்க மாட்டோம். நீங்கதான்னு முடிச்சு அனுப்பியிருப்போம். நானும் என் நாக்கை மறந்துட்டு அதையே நிம்மதியா நம்பியிருப்பேன்."

"நல்லவேளை சார், எனக்குத் தைரியம் வரல" என்றேன்.

"எனக்கும் நல்லவேளைதான்" என்றார்.