டேப்புக்கு அடியில் எரியும் விளக்கு

1

இந்த அண்ணனுக்கு இன்னும் எத்தனை தடவைதான் சொல்வது? ஒரு தடவை சொல்லிக் காதில் ஏறாதது பத்தாவது தடவை மட்டும் ஏறிவிடுமா?

அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. குழாய் வேலைக்குப் போகும் வேனின் பின்சக்கரத்தருகே குந்தியிருந்து, உட்பக்கத்து ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தபடி நினைத்துக்கொண்டாள். பிரேக் ஆயில்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்தவர், "எங்க வேன் ஏழு வருஷமா ஒரு நாள்கூட வழியில நின்னதில்ல" என்று பெருமையடித்தார். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றேன். "யாரு பார்க்கணும்? அது பாட்டுக்கு ஓடுது" என்றார். அந்தப் பதில் கிளப்பிய எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்த வெள்ளை வேன் (மழை எதற்கு? வேனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை மறைக்கத்தான்.)

பராமரிப்பு என்பது அன்பின் (சே.)

உள்ளதைச் சொல்கிறேன். அண்ணன் குழாய் வேலை செய்கிறான், வேனை ஓட்டுகிறான். தங்கை அலுவலகத்தையும் வேனையும் பார்த்துக்கொள்கிறாள். சனிக்கிழமைதோறும் டயர், ஆயில், பிரேக், விளக்கு என்று சரிபார்த்து டிக் அடிக்க ஒரு நோட்டு உண்டு. [என் தொல்லையே இதுதான். எல்லாம் ஒழுங்காக இருந்தால் கதையில் ஒன்றும் நடக்காது.] போன மாதம் அவள் காய்ச்சலில் படுத்தபோது நோட்டு அண்ணன் கைக்குப் போனது; இன்றுதான் திரும்ப வந்தது.

3

"அண்ணா, என்ன இது? அடுத்த மாசத்துக்கும் சேர்த்து டிக் அடிச்சு வச்சிருக்கே?"

"பேனா கையில இருந்துச்சு. ஒரே மூச்சுல முடிச்சிட்டேன்."

"அடுத்த மாசம் பிரேக் எப்படி இருக்கும்னு இப்பவே தெரியுமா உனக்கு?"

"எல்லாம் ஒரு நம்பிக்கைதான்."

"மீட்டர்ல கருப்பு டேப்பு?"

"சிவப்பு லைட்டு ஒண்ணு விடாம எரிஞ்சுது. கண்ணு கூசுச்சு."

"பிரேக் ஆயில் குறைஞ்சா எரியற லைட்டுண்ணா அது!"

"இப்ப தெரியலைல்ல? விடு."

(இங்கே அண்ணன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இப்படியும் ஒருவன் இருப்பானா? அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். மறுபடியும் டேப்பைத்தான் ஒட்டினான்.)

மெக்கானிக் நாளைக் காலைதான் வருவார். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று மாடிக்குத் தண்ணீர் இல்லை. இன்றே போகாவிட்டால் அங்கே கிடைக்கும் வருடம் முழுவதற்குமான வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். வழியில் ஒரு மேம்பாலத்தின் இறக்கம்.

"வாடகைக்கு ஆட்டோ சொல்லட்டுமா?"

"பத்தடி பைப்ப மடியில வச்சுக்கிட்டுப் போகவா? சாவியக் குடு. மெதுவாப் போயிட்டு வந்துடறேன்."

4

முடிவுகள்:

அ. கொடுக்கிறாள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. (அவள் சொன்னது சரி என்று காட்ட ஓர் ஆளைக் கொல்ல வேண்டுமா?)

ஆ. கொடுக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. விசிலடித்துக்கொண்டு திரும்புகிறான். (இது இன்னும் மோசம். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.)

இ. அண்ணன் மனம் மாறி, டேப்பைப் பிய்த்து, கண்கலங்கி (போதும்.)

5

நானும் கேட்டுப் பார்த்தேன். "கொடுத்துவிடேன். கதை நகர வேண்டும். இந்த வேன் ஒருநாள் நடுரோட்டில் நின்று தொலையட்டும், அப்போதுதான் என் அருமை தெரியும் என்று நீயே நினைத்ததில்லையா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி என்னிடம் ஏதோ முணுமுணுத்தாள். நினைத்திருக்கிறாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைத்திருக்கிறாள். நினைத்த கையோடு வெட்கப்பட்டும் இருக்கிறாள்.

"என்ன, சுவத்தோட பேசறியா? குடுக்கப் போறியா, இல்லையா?" என்றான் அண்ணன். அலுவலகத்தில் போன் அடித்தது. அடுக்குமாடிக்காரர்கள்தான்.

"இல்லண்ணா."

பிறகு, அவனுக்குக் கேட்காத குரலில் என்னிடம் சொன்னாள்: "நினைச்சிருக்கேன்க்கா. அதனாலதான் குடுக்க மாட்டேன்."