கிரேன் படிப்புக்கு ஒரு கையெழுத்து

கடன் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் பேச்சை மாற்றிவிடுவாள். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அப்பா கடன் வாங்கி ஒரு மாவு மெஷின் போட்டார். மெஷின் ஓடவில்லை, வட்டிதான் ஓடியது. ஒரு நாள் நாலைந்து பேர் வந்து, அடுப்பில் வெந்துகொண்டிருந்ததைத் தரையில் கொட்டிவிட்டு, அந்தப் பாத்திரத்தைக்கூட விடாமல் எடுத்துப் போனார்கள். கொட்டியதிலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதனால்தான், கிரேன் ஓட்டப் படிக்கக் கடன் வாங்கலாம் என்று கணவன் சொன்னதும் அவள் ஒரே பிடியாக மறுத்தாள்.

"வேண்டாங்க. கஞ்சியோ கூழோ, இருக்கறத குடிச்சுட்டுக் கிடப்போம்."

"எத்தன நாளைக்கு? டாக்டர் சொன்னத நீயும்தான கேட்ட? இன்னும் கொஞ்ச நாள் மூட்ட தூக்கினா அப்புறம் நானே மூட்டையாத்தான் கிடப்பேன்."

இருவருக்கும் ஒரே கட்டடத்தில்தான் வேலை. அவன் சிமென்ட் மூட்டை தூக்குவான், அவள் சித்தாள். அவனுக்கு இடுப்பில் வட்டு விலகியிருந்தது. அந்தக் கட்டடத்தின் கிரேன்காரர் காலையில் கேபினுக்குள் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். எல்லோரும் அவரை மேல்வீட்டுக்காரர் என்பார்கள். கிரேன் பயிற்சி நிலையத்தைப் பற்றிச் சொன்னவர் அவர்தான். இடுப்புக்கு வேலையில்லாத வேலை. கண்ணும் கையும் போதும். பேங்க்கில் கடன் கொடுப்பார்கள், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

அவள் அவரிடமே போய்க் கேட்டாள். "அண்ணே, இவரு படிப்ப பாதியில விட்டுட்டா?"

"கட்டின பணம் போனதுதான். நாம விட்டாலும் கடன் நம்மள விடாது."

"அப்ப கட்டறதுக்கு முன்னால ஒரு தடவ ஏறிப் பாக்கட்டும்."

அவர் தாடையைச் சொறிந்தபடி யோசித்துவிட்டுச் சம்மதித்தார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கிரேன் நின்றதும், அவர் முன்னால் ஏற, கணவன் பின்னால் ஏறினான். கோபுரத்துக்குள்ளேயே செங்குத்தாகப் போகும் இரும்பு ஏணி அது. பாதி உயரத்தில் அவன் நின்றுவிட்டான். இளைப்பாறுகிறான் என்றுதான் கீழே நின்றவர்கள் நினைத்தார்கள். மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. மேல்வீட்டுக்காரர் குனிந்து ஏதோ சொன்னார். அவன் கம்பியை இன்னும் இறுக்கிக்கொண்டான். அவனைத் தாண்டி அவராலும் இறங்க முடியாது.

"மாப்ள, அங்கயே குடித்தனம் போடப் போறியா?" என்று யாரோ கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினாள்.

அவன் கணுக்கால் கைக்கு எட்டும் உயரத்தில் நின்றாள்.

"என்னங்க, நான்தான்."

"கை வரமாட்டேங்குது."

"கை இருக்கட்டும். இந்தக் காலை மட்டும் என்கிட்ட குடுங்க." காலைப் பிடித்து அடுத்த கம்பியில் வைத்தாள். "அந்தப் பரண் பலகைய அடிக்கறேன்னு எத்தன நாளா சொல்றீங்க?"

"இதையெல்லாம் இப்பவா கேக்கற?"

"இப்பதான உங்களால எந்திரிச்சு ஓட முடியாது."

அப்படி ஒவ்வொரு காலாக வைத்து இறக்கினாள். தரைக்கு வந்ததும் அவன் மணல் குவியலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். மேல்வீட்டுக்காரர் பின்னாலேயே இறங்கி வந்து அவளைப் பார்த்தார்.

"நடுவுல ஒரு தடவ கீழ பாத்தியேம்மா. தல சுத்தலையா?"

"கலவை காஞ்சுட்டிருந்துச்சு. அதத்தான் பாத்தேன்."

"அப்ப படிக்க நீ போ."

"விளையாடாதீங்கண்ணே."

"நாள் பூரா தனியா உக்காந்திருக்கறவன், எனக்கு விளையாட ஆள் ஏது?"

ஏணியில் வராத பயம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. அதுவரை அவன் ஆசைக்கு அவள் தடை சொல்லிக்கொண்டிருந்தாள், அது சுலபமாக இருந்தது. அவள் படிக்கப் போனால் கடன் அவள் பெயரில்.

வீட்டில் அவன் வெறுந்தரையில் மல்லாந்து கிடந்தான். கூரையைப் பார்த்தபடி, "நீ போறியா?" என்றான்.

"பொம்பளைக்கு வேல குடுப்பானா?"

"தெரியல."

"தவண கட்ட முடியலன்னா?"

"தெரியல."

"எதக் கேட்டாலும் தெரியலன்னா எப்படிங்க?"

"தெரியும்னு சொன்னா பொய்யாயிடும். என் இடுப்பு ரொம்ப நாள் தாங்காது. அது மட்டும் தெரியும்."

அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது. பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

பயிற்சி நிலையத்தில் படம் போட்ட விளம்பரத் தாளைக் கொடுத்தார்கள். அவள் அதைத் திருப்பித் தந்துவிட்டு, இங்கே படித்த ஒரு பெண்ணின் போன் நம்பர் வேண்டும் என்று நின்றாள். தேடிப் பிடித்து ஒன்று கொடுத்தார்கள். போனில் காற்று இரைந்தது.

"வேலைக்கு அலைஞ்சேங்க்கா. பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் போச்சு. கிடைச்சப்புறம் மொத நாள் கேபின்ல உக்காந்து அழுதேன். தவண இன்னும் ஓடுது."

"கடன் எடுத்தது தப்புன்னு தோணுச்சா?"

"அலைஞ்சப்ப தினம் தோணுச்சு. இப்ப இல்ல."

மறுவாரம் பேங்க்கில் ஒரு அம்மாள் தாள்களைப் புரட்டி, "இங்க, இங்க, அப்புறம் இங்க" என்று விரல் வைத்துக் காட்டினாள்.

"தவற விட்டா வீட்டுக்கு ஆள் வருமாங்க?"

"மொதல்ல லெட்டர் வரும்."

"அப்புறம்?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "தவற விடாம பாத்துக்கங்கம்மா."

அவளுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. பக்கத்தில் கணவன் நாற்காலி விளிம்பில் இடுப்பைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போவோம் என்று சொன்னால் அவன் மறுபேச்சுப் பேசாமல் எழுந்துவிடுவான். நாளைக் காலையில் மூட்டை தூக்கப் போய்விடுவான். அவள் பேனாவை எடுத்தாள். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

படிப்பு முடிந்தும் வேலை உடனே வரவில்லை. போன இடத்திலெல்லாம் "ஓட்ட நீங்களேவா வருவீங்க?" என்று கேட்டார்கள். கணவன் ஒரு கிடங்கில் வாட்ச்மேனாகச் சேர்ந்திருந்தான். அந்தச் சம்பளத்தில் தவணை போக மிச்சம் வாய்க்கும் வயிற்றுக்கும் இழுபறி. கதவு தட்டும் ஓசை கேட்டால் அவள் மூச்சை அடக்கிக்கொள்வாள். கடைசியில் மேல்வீட்டுக்காரரின் சிபாரிசில் ஒரு கான்ட்ராக்டர், பார்க்கலாம் என்று ஏற்றுக்கொண்டார்.

முதல் நாள் கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கி ஆறாம் மாடியில் இறக்கினாள். கீழேயிருந்து வாக்கிடாக்கியில், "சரி, அடுத்தது" என்றது ஒரு குரல். அவ்வளவுதான்.

கடன் இன்னும் முடியவில்லை. மாதம் பிறந்தால் பணத்தை இரண்டு மூன்று தடவை எண்ணிப் பார்க்கத்தான் செய்கிறாள். தவணை கட்டிவிட்டு வரும் அன்றைக்கு நன்றாகத் தூங்குகிறாள்.