காற்று வளையம்

பெத்தம்மாள் பேண்டேஜ் துணிக் கட்டைக் காளீஸ்வரியின் வாசற்படியில் வைத்து அவிழ்த்தாள். வெள்ளைத் துணி முழுக்கப் பழுப்புத் துகள்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது, சத்திரப்பட்டி பேண்டேஜ் கம்பெனியிலிருந்து திரும்பி வந்திருந்தது.

“ஏட்டி காளி, ஒம் மிஷினு தும்முனா எம் பொழப்புக்குல்ல சளி பிடிக்குது.”

காளீஸ்வரி குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர், அதில் ஒரு ஜன்னல். இந்தப் பக்கம் மரத்தைக் குடைந்து பெயர்ப்பலகை செய்யும் ரூட்டர் மிஷின். அந்தப் பக்கம் பெத்தம்மாள் துணி காயப்போடும் கொடி. ஜன்னலைச் சாத்தினாலும் தகரக் கூரையின் இடுக்கு வழியே தூசி போனது.

பெத்தம்மாள் சண்டைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அடுத்த லோடு வரும், அதற்குள் தூசி நிற்காவிட்டால் மிஷினை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். காளீஸ்வரிக்கு வேறு இடம் கிடையாது. மிஷின் போனால் மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். ஃப்ளெக்ஸ் கடையில், முதுகுக்குப் பின்னால் முதலாளி நிற்க, யார் யார் முகத்தையோ வெளுப்பாக்கும் வேலை.

தூசி வெளியே பறக்காமல் பிடிக்க மிஷினுக்கு ஒரு மூடியை அவளே கம்ப்யூட்டரில் வரைந்து, மூலையிலிருந்த சிறிய த்ரீடி பிரிண்டரில் எடுத்தாள். மோட்டாரின் கழுத்தைக் கவ்வும் வளையம். கீழே பிரஷ் மயிரால் ஒரு பாவாடை. பக்கத்தில் வாக்குவம் க்ளீனரின் குழாய்க்கு ஒரு வாய்.

முதல் மூடி ஒரு மத்தியானம் தாங்கவில்லை. தகரத்தின் சூடும் மோட்டாரின் சூடும் சேர்ந்து வளையம் இளகித் தொங்கியது. பெத்தம்மாள் ஜன்னல் வழியே பார்த்து, “அப்பளம் கணக்கா வளஞ்சிருச்சே” என்றாள்.

சூடு தாங்கும் பிளாஸ்டிக்கில் எடுத்த இரண்டாவது மூடி வளையவில்லை. தூசியும் நிற்கவில்லை. பாவாடையை நீளமாக்கினாள். இடுக்குகளில் டேப் ஒட்டினாள். எவ்வளவு இறுக்கினாலும் முன்பக்கமாகத் தூசி பீறிட்டது.

சனிக்கிழமை, தூசி எதுவரை போகிறது என்று பார்க்கப் பெத்தம்மாளிடம் ஒரு முழம் துணி வாங்கி வந்து மிஷினுக்கு முன்னால் தொங்கவிட்டாள். மோட்டாரைப் போட்டாள். மரத்தைக் குடையும் பிட் இன்னும் பலகையைத் தொடவில்லை. துணி அவளை நோக்கிப் புடைத்தது. நிறுத்தினாள். துணி இறங்கியது. மறுபடியும் போட்டாள். புடைத்தது.

மோட்டாரை நிறுத்தி மூடியைக் கழற்றினாள். வெறும் மோட்டாரை ஓடவிட்டு, ஓரமாகக் கையைக் கொண்டுபோனாள். மோட்டார் தன்னைக் குளிர்விக்க உள்ளே வைத்திருந்த விசிறி கீழே ஊதிக்கொண்டிருந்தது, நேராக மூடிக்குள். குழாய் ஒரு பக்கம் உறிஞ்ச, விசிறி அதைவிட வேகமாக ஊதியிருக்கிறது. அவள் இத்தனை நாளும் அந்தக் காற்றைத்தான் இறுக்கி அடைத்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு வந்தது. உட்கார்ந்து இன்னொரு வளையம் வரைந்தாள். மூடிக்கு மேலே மோட்டாரைச் சுற்றி ஒரு கிண்ணம். கீழே இறங்கும் காற்று அதன் சரிவில் திரும்பி மேலே போய்விட வேண்டும். அச்செடுத்தபோது கொஞ்சம் சுருங்கி, கழுத்தில் ஏற மறுத்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். ஏறியது.

ஞாயிறு காலை பெத்தம்மாள் ஈரத்துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலைத் தட்டினாள். காளீஸ்வரி ஒரு கதவை மட்டும் திறந்தாள்.

“சத்தம் கேக்குது. மரத்தைத்தான் வெட்டுதா?”

“பாருங்க மதினி.”

‘இருளப்ப’ வரை எழுத்து பெயர்ப்பலகையில் இறங்கியிருந்தது. வாக்குவத்தின் டப்பாவைத் திறந்து காட்டினாள். பாதிக்கு மேல் தூசி. பெத்தம்மாள் ஜன்னல் கட்டையில் விரலை இழுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலைச் சேலையில் துடைக்கவில்லை. துடைக்க ஒன்றுமில்லை.

“இன்னும் எம்புட்டு எழுத்து இருக்கு?”

“சாமி மட்டும்தான் மதினி.”

“முடிச்சிரு.”

கொடியில் எப்போதும் ஜன்னலுக்கு நேரான இடத்தைப் பெத்தம்மாள் காலியாக விடுவாள். இன்று முதல் துணியை அங்கேதான் விரித்தாள்.

மிஷின் ‘சா’வைத் தொடங்கியது. அதன் முன்னால் தொங்கிய முழத்துணி புடைக்காமல் நேராக நின்றது. காளீஸ்வரி ஜன்னலின் மறு கதவையும் திறந்தாள். மலைப்பக்கத்துக் காற்று ஈரத்துணிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. முழத்துணி மெதுவாக மிஷினின் பக்கம் புடைத்தது.