தானாக ஏறிய காற்று

என் மனைவி பூவாத்தாளின் அண்ணன் கைலாசத்துக்கு நாமக்கல்லில் மூன்று லாரிகள். அதில் ஒன்றை நான் ஓட்டினேன். எழுபத்தொன்பதாம் வருஷம் கோடையில், ஒரே மாதத்தில் என் வண்டியில் இரண்டு டயர் வெடித்தன. இன்னொன்று வெடித்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று மச்சான் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு எரிச்சல்.

அதுவரை ஸ்பேனரால் டயரைத் தட்டி, சத்தத்தை வைத்துத்தான் காற்றுப் பார்ப்போம். மச்சான் வண்டிக்கு ஒன்றாகக் காற்று அளக்கும் கேஜ் வாங்கிக் கொடுத்தார். தொண்ணூறு பவுண்டு காட்ட வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்றார்.

ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பினேன். காலையில் தொண்ணூறு. தொப்பூர் மேடு தாண்டி அளந்தால் நூற்று நாலு. வெடித்துத் தொலையப் போகிறதே என்று பயந்து இறக்கிவிட்டேன். கிருஷ்ணகிரியில் மறுபடி நூறு. மறுபடி இறக்கினேன். மறுநாள் விடிந்து பார்த்தால் எழுபத்தைந்து! கசிகிறதா என்று வால்வில் எச்சில் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. தானாக ஏறுகிறது, தானாக இறங்குகிறது, இது டயரா பேயா? கிளம்பும்போது காற்றுப் பிடித்துக் கொடுத்த பஞ்சர் கடைக் கந்தவேல் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

ஊர் திரும்பியதும் நேராக அவன் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். மச்சானும் வந்துவிட்டார். கந்தவேல் டயரைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினான். ரப்பருக்குள் இருக்கும் நூல் அடுக்கு கருகியிருந்தது.

"சூட்டுல இருக்கறப்பக் காத்து எறக்குனீங்களா?" என்றான்.

ஓடுகிற டயரில் சூட்டுக்குக் காற்று ஏறத்தான் செய்யுமாம். ஆறிய பிறகுதான் அளக்க வேண்டுமாம். சூட்டில் இறக்கினால் ஆறியதும் பத்தாமல் போய், தொய்வோடு ஓடி, வெந்து வெடிக்குமாம். கூடினால் வெடிக்கும் என்று குறைத்தேன், குறைத்ததால் வெடிக்குமா? எனக்குத் தலை சுற்றியது.

"நாந்தானுங்க மச்சான் எறக்குனேன்," என்றேன்.

சாவியைக் கேட்பார் என்று நின்றேன். அவர் கேட்கவில்லை. முகம் வெளுத்துப்போய் வெயிலைப் பார்த்தார்.

"நேத்து மத்தியானம் மத்த ரெண்டு வண்டியும் லோடோட வந்துச்சுங்க மாப்ள. நூத்திப் பத்து காட்டுச்சு. நானே எறக்கி உட்டுப்போட்டேன்."

இரண்டும் இப்போது பம்பாய் ரோட்டில். போன் போட்டுச் சொல்ல, டிரைவர்கள் சாப்பிட எங்கே நிறுத்துவார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.