மூச்சு எடுக்கும் இடம்

"தொண்டைக்குள்ள குழாய் விடுவேளா?" என்று ஜலஜா கேட்டாள். மருத்துவர் முத்துகிருஷ்ணன் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. குழந்தைக்குக் குடல்வால் அழற்சி என்று அந்தத் தேனாம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு வரும் பெற்றோர் தழும்பைப் பற்றிக் கேட்பார்கள், பரீட்சையைப் பற்றிக் கேட்பார்கள்.

"மயக்க மருந்து குடுத்தா மூச்சுக்குழாய் வெச்சுத்தான் ஆகணும் மேடம். தொண்டை ரெண்டு நாள் கரகரங்கும், சரியாயிடும்."

"அவ பாடற பொண்ணு டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. குடல்வால் வெடிக்கவில்லை, அறுக்காமல் ஆன்டிபயாடிக் ஊசியில் சமாளித்துப் பார்க்கலாம் என்றார். பல குழந்தைகளுக்கு அதுவே போதும். சிலருக்குத் திரும்ப வரும். "வலி வந்தா உடனே கூட்டிட்டு வந்துடணும். வீட்ல வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க." ஜலஜாவின் கணவர் சுவாமிநாதன் தலையாட்டினார். அவருக்கு அறுவை சிகிச்சையே சரி என்று பட்டது. ஆனால் தொண்டை விஷயத்தில் அந்த வீட்டில் அவர் பேச்சு எடுபடாது.

மகள் ஸ்ரீரஞ்சனி மருந்திலேயே தேறினாள். ராஜா அண்ணாமலைபுரம் வீட்டுக்குப் பாட்டு கற்க வரும் பெண்களின் தாயார்களிடமெல்லாம், "கத்தி படாம ஆயிடுத்து" என்று ஜலஜா சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்கழி நெருங்கியது. சபாவில் ஸ்ரீரஞ்சனிக்கு முதல் கச்சேரி. காம்போதி ராக ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தில் நின்று இழுக்க வேண்டிய இடத்தில் அவள் பாதியிலேயே மூச்சு வாங்கினாள்.

"அடிவயித்துலேர்ந்து எடுடி. கழுத்தால பாடிண்டிருக்கே."

"எடுக்கறேம்மா."

எடுக்கவில்லை. வயிறு அசையாமல், தோளை மட்டும் உயர்த்தி, ஒரு கரண்டிக் காற்றை உள்ளே வாங்கிக்கொண்டாள். வலிக்கிறது என்று சொன்னால் குழாய் போடுவார்கள். அம்மா டாக்டரிடம் பேசியதை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்தபடி அவள் கேட்டிருந்தாள். ஜலஜா அந்த அரைமூச்சைச் சோம்பல் என்று நினைத்து, தாளம் போடும் கையாலேயே மகளின் தொடையில் ஒன்று வைத்தாள்.

மறுநாள் காலை அதே இடத்தை ஸ்ரீரஞ்சனி ஒரே மூச்சில் பாடினாள். ஆபீசுக்குக் கிளம்பிய சுவாமிநாதன் செருப்போடு வாசலில் நின்றுவிட்டார்.

"இதைத்தானேடி கேட்டேன்" என்றாள் ஜலஜா.

"இப்போ வலிக்கலைம்மா."

"என்ன வலிக்கலை?"

"வயிறு. நேத்திக்கெல்லாம் வலிச்சுது. இப்போ விட்டுடுத்து."

ஜலஜா மகளின் முகத்தையே பார்த்தாள். "விட்டுடுத்தோன்னோ? சரி, இன்னொரு தரம் பாடு."

சாயங்காலம் காய்ச்சல் கொதித்தது. வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. முத்துகிருஷ்ணன் அதில் கை வைத்துவிட்டு, வலி எப்போது நின்றது என்று மட்டும் கேட்டார்.

"காத்தால" என்றார் சுவாமிநாதன்.

"அப்பவே வெடிச்சிருக்கு. அதான் வலி நின்னுருக்கு."

அறுவை சிகிச்சை முடிந்தும் குழாயை எடுக்கவில்லை. சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது. நாளைக்குத்தான் ஏதாவது சொல்ல முடியும் என்றார்கள். நேற்றும் அதைத்தான் சொன்னார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இயந்திரம் காற்றைத் தள்ளியது, விட்டது. ஏற்றமும் இறக்கமும் இம்மி பிசகவில்லை. ஸ்ரீரஞ்சனியின் மார்பு அதற்கேற்ப எழுந்து தாழ்ந்தது.

சுவாமிநாதன் ஜலஜாவின் கையைப் பிடித்து அழுத்தினார். அப்போதுதான் அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய கை தொடைமேல் அந்த மூச்சுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் பிடியைத் தளர்த்தியதும் சுண்டுவிரலிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கியது.